தட்டிப் பார்க்கிறவன்

சில மாதங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு அதன் ஆசிரியர் எனக்கொரு கடிதம் போட்டார். தபாலில் வந்த கடிதம்தான்; இரண்டு பக்கம், பச்சை மசி. பாதிக்கு மேல் வசவு. பத்து வருஷமாக இந்தக் காரியத்தைச் செய்துவருகிறவனுக்கு வசவு பஸ் கட்டணம் மாதிரி, கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பழைய மோட்டார் ஸைக்கிள் வாங்க வந்தவன் டாங்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நான் கவிதையைத் தட்டிப் பார்க்கிறேனாம். செய்யத் தெரியாதவனுக்குத் தட்டத்தான் தெரியும் என்று முடித்திருந்தார்.

பதில் எழுதவில்லை. பெருந்தன்மை காரணமல்ல. கடிதம் வந்த வாரம் நான் நிஜமாகவே ஒரு பழைய மோட்டார் ஸைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. உவமை உண்மையாகிவிட்டால் அதை மறுப்பது சிரமம்.

ஓட்டுவதற்காகத் தேடவில்லை, பிரித்துக் கட்டுவதற்காக. பி.ஏ. ஆங்கிலம் படித்தேன், பாங்கில் கிளார்க். 2024இல் வந்த ஊதிய ஒப்பந்தத்தில் எங்களுக்கு ‘கஸ்டமர் ஸர்வீஸ் அஸோஸியேட்’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்காருவதில் மாற்றமொன்றுமில்லை. முப்பத்தாறு வயதுவரை கையால் ஒரு பொருளையும் நான் செய்ததில்லை. இருபத்திரண்டு வயதில் எழுதிய பதினோரு கவிதைகள் உண்டு. அவற்றை நானே தட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டி வைத்தேன். ஆகவே கவிஞர் சொன்னதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தைப் பிறர் சொன்னால்தான் சுடுகிறது.

நான் தேடிய வண்டி ஹீரோ இம்பல்ஸ். நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியாது, கொஞ்சம் சொல்கிறேன். மண்ணிலும் கல்லிலும் வரப்பிலும் ஓட்டுவதற்கென்று செய்யப்படும் வண்டிகள் வெளிநாடுகளில் தனி ஜாதி. வயிறு தரையிலிருந்து உயர்ந்திருக்கும், முன்சக்கரம் பெரிது, மட்கார்டு சக்கரத்தை ஒட்டாமல் கொக்கின் மூக்கு மாதிரி மேலே தூக்கி நிற்கும். இங்கே அப்படி ஒன்றைக் கடையில் வாங்க வெகுகாலம் முடியாது. சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களிலும் சரி, பிறகு ஊர் ஊராக மண் பந்தயம் வந்தபோதும் சரி, ஊரில் கிடைக்கும் எஸ்டியையோ யமஹாவையோ பிரித்துச் செதுக்கித்தான் ஓட்டினார்கள். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த கையோடு 2011இல் ஹீரோ இந்த இம்பல்ஸை வெளியிட்டது. 150 ஸி.ஸி. எஞ்சின், அதே கம்பெனியின் ஹங்க் வண்டியில் இருந்ததுதான். முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17. மண்ணுக்கு வேண்டிய உடம்பு, தார் ரோட்டுக்குச் செய்த இருதயம். ஓட்டியவர்கள் எல்லாரும் உடம்பைப் புகழ்ந்தார்கள், இருதயம் போதாது என்றார்கள். அதிகம் பேர் வாங்கவில்லை. சில வருஷங்களில் நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன பிறகு அதைத் தேடி அலைகிறவர்களின் தொகை கூடியது. நம் சிறுபத்திரிகைகளின் சரித்திரமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் எனக்கு அந்த வண்டி மேல் ஓர் உறவு. 2019இல் அதே கம்பெனி 200 ஸி.ஸி.யில் எக்ஸ்பல்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து நன்றாக விற்றது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. எஞ்சின் ஹங்க்கினுடையது என்பதால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், டைமிங் செயின் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும். கிடைக்காதவை மேல்பூச்சுச் சாமான்கள்தான்: பக்கவாட்டு மூடிகள், டாங்க்கின் இருபுறமும் வரும் பிளாஸ்டிக், முன் மட்கார்டு. உள்ளே இருப்பது கிடைக்கும், தோற்றம் கிடைக்காது. கவிதை விஷயத்தில் இது நேர்மாறு என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

செம்மங்குப்பத்தில் ஒரு வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. முப்பதாயிரம் கேட்கிறார், 2012 மாடல், முதல் சொந்தக்காரர், டிஎன் 31. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். முதுநகரிலிருந்து மெக்கானிக் பாய் தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து காத்திருந்தார். அறுபது தாண்டியவர். எனக்கு அவரைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். என் அப்பாவின் ஸ்கூட்டரைச் சாகவிடாமல் வைத்திருந்தவர். நான் எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியாது, பாங்க் ஸார் என்பதோடு சரி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, பள்ளிக்கூட வேன் மேல் பாஸஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனது இந்த ஊர்க் கேட்டில்தான். காத்திருந்தவர்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ரயில் போயிற்று, கேட் உயர்ந்தது. பாய் எக்ஸெல்லை நிறுத்தி இறங்கித் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். “தொறந்திருந்தா வரலேன்னு அர்த்தமா ஸார்?” என்றார் என்னிடம்.

வீட்டு முன்னால் பூவரசு மரத்தடியில் வண்டி நின்றது. குளிப்பாட்டி, டயருக்குக் கறுப்புப் பூசி, ஸீட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாரான மாதிரி. நான் நேரே போய் டாங்கைத் தட்டினேன். சத்தியமாக, யோசிக்காமல் தட்டினேன். பிறகுதான் அந்தக் கடிதம் ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

பாய் வண்டியின் அழகு எதையும் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார். சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள். ஜில்லென்று இருக்கும் எஞ்சின்தான் உண்மை பேசும்: முதல் தடவை எத்தனை நேரம் இழுக்கிறது, முதல் புகை என்ன நிறம், எண்ணெய் மேலே ஏறுவதற்கு முன் என்ன சத்தம் என்று. சூடான எஞ்சின் பத்துத் தரம் வாசித்துப் பழகிய கவிதை மாதிரி, மேடையில் எதுவும் சோபிக்கும். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. “டீ சாப்பிடலாமா தம்பி?” என்றார் விற்பவரைப் பார்த்து. அவருக்கு நாற்பது வயது இருக்கும், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. டீ வந்தது. டீ முடிந்த பிறகும் பாய் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் பூவரசு மரத்தடியில் அவர் பேரன் பேத்திகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நடுவில் காற்று திரும்பியது. ஒரு நாற்றம் வந்தது. நான் மூக்கைச் சுளித்தேன். விற்பவர் தலையை லேசாகத் தூக்கி, “அழுகின முட்டை. ராத்திரியானா இது முட்டைக்கோஸ் மாதிரி வரும்” என்றார், ஏதோ மல்லிகையையும் முல்லையையும் பிரித்துச் சொல்கிறவரைப் போல. 2004இல் இந்த சிப்காட் ஓரத்துக் கிராமத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, எதைப்போன்ற நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன். கலிபோர்னியாவில் 1990களில் புழக்கத்துக்கு வந்த ஒரு முறைப்படி, பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். மூக்கு சொன்னதை ஆய்வகம் ரஸாயனப் பெயர்களாகத் திருப்பித் தந்தது. எனக்கு அந்த நோட்டுகளின் மேல் மரியாதை உண்டு. தமிழில் ரஸனை, ரஸனை என்று நாம் எழுதித் தள்ளியிருக்கும் பக்கங்களில், என்ன மணம், எப்போது, எங்கிருந்து என்று இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டவை எத்தனை?

எஞ்சின் ஆறியது. பாய் முதலில் ஸ்டார்ட் பண்ணவில்லை. எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, அதோடு வரும் கோலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்து வெயிலில் பிடித்தார். தேய்ந்த உலோகம் இருந்தால் மினுக்கும். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இரண்டுமில்லை. முகர்ந்தார். “புதுசா ஊத்தியிருக்கு” என்றார். புது எண்ணெய் ஒன்றும் சொல்லாது என்பது அதன் பொருள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஓரிடத்தில் சக்கரம் எதிர்த்தது, பிறகு விட்டது, மறுபடி எதிர்த்தது. அந்த எதிர்ப்புதான் கம்ப்ரஷன். எதிர்ப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ரிங்கோ வால்வோ போயிற்று என்று அர்த்தம். என்னையும் சுற்றச் சொன்னார். சுற்றினேன். எதிர்த்தது. ஒரு வண்டிக்குள் இருப்பதை முதன்முதலாக என் கை தெரிந்துகொண்ட கணம் அது. சின்ன விஷயம்தான்.

அப்புறம் நூல் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்தனார் நூலை எடுத்துப் பின்சக்கரத்தை அணைத்து இரண்டு பக்கமும் முன்சக்கரம்வரை இழுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். பின் டயர் அகலம், முன் டயர் ஒல்லி, ஆகவே முன்னால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அந்த இரண்டு இடைவெளியும் சமமாக இருந்தால் சேஸிஸ் நேர். இல்லாவிட்டால் வண்டி எங்கோ மோதி, உடம்பு பெண்டாகி, அதற்கு மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்க்கிற மாதிரி மனத்தின் கோணலைத் தீர்ப்பதுதான் புத்தகமாகிய நூலின் மாண்பு என்று நன்னூல் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியது. கையில் நிஜமாக ஒரு நூல்முனையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் குந்தியிருந்தபோது கவனித்தேன், நூல் எதையும் தீர்ப்பதில்லை, காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இழுத்துப் பிடிப்பவன் கை ஆடினால் அதுவும் இல்லை. என் கை ஆடியது. பாய் இரண்டு தரம் அதட்டினார்.

சேஸிஸ் நேராக இருந்தது.

ஹாண்டில்பாரை மெல்லத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் ‘டக்’ என்று நின்று போயிற்று: கோன் ஸெட் போயிற்று. முன் ஃபோர்க் குழாய்களில் கடற்காற்றின் துரு அம்மைத் தழும்பு மாதிரி. அதனால் ஆயில் ஸீல் கசிவு. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கியாகியிருந்தன. பாய் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல நான் டைரியில் எழுதி எதிரே தொகை போட்டேன். அவர் ஒரு தடவைகூட நல்ல வண்டி என்றோ மோசமான வண்டி என்றோ சொல்லவில்லை.

எங்கள் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளர் நினைவுக்கு வந்தார். அடகுக்கு வரும் நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார், அமிலத்துளி விட்டுப் பார்ப்பார், தராசில் வைப்பார். மொத்த எடை இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு கழிவு, அரக்குக்கு இவ்வளவு, நிகர எடை இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். தாலிச் சரடாக இருந்தாலும் சரி, யாரோ ஆசையாக வாங்கிய ஒட்டியாணமாக இருந்தாலும் சரி, முகம் மாறாது. எத்தனையோ நாள் கவுண்ட்டரில் இருந்தபடி அவரைப் பார்த்து, விமர்சகன் என்றால் இவர்தான் என்று நினைத்திருக்கிறேன். கழிவு எவ்வளவு என்று சொல்கிறவர், கொண்டுவந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லாதவர்.

இப்போது ஸ்டார்ட். பாட்டரி இரண்டாவது முயற்சியில் எடுத்தது. பின்னால் நீலமாக ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டது. தொடர்ந்து வந்தால் ரிங். முதல் மூச்சில் மட்டும் வந்தால் வால்வ் ஸீல். ஸீல்தான், சில நூறு ரூபாய். டைமிங் செயின் கலகலத்தது. எல்லாம் எதிர்பார்த்தவை. முப்பதாயிரத்தை இருபத்தாறுக்குப் பேசி முடிக்கலாம் என்று எனக்குக் கண் காட்டினார் பாய். விற்பவரும் தெளிந்துவிட்டார். “வண்டி கீழே விழுந்ததில்லை, தண்ணி பாக்காத வண்டி ஸார்” என்றார். யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

பாய் போகிற போக்கில்தான் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் புதிது. அதை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியின் அடிமூலையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டினார். சந்தனக் கட்டியை உடைத்த மாதிரி வெளிர் மஞ்சளாக ஒரு சில்லு வந்தது. உள்ளங்கையில் வைத்து நகத்தால் பிளந்தார். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. ரோட்டுப் புழுதி அடுக்காகப் படியாது. நின்று வற்றிய நீரில் படிகிற வண்டல்தான் ஏரிப்படுகை மாதிரி ஏடு ஏடாக இருக்கும். பிறகு அவர் வேகமாக வேலை செய்தார். ஹெட்லைட் மூடியைக் கழற்றினார், உள்ளே அதே மஞ்சள். வயர் ஜாயின்ட்டுகளில் செம்புப் பச்சை. ஸ்பீடாமீட்டர் கண்ணாடியின் உட்பக்கம், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கோடு, நீர்மட்டக் கோடு. ஸ்விங் ஆர்மைத் தாங்குகிற நீண்ட போல்ட்டில் ஸ்பானர் போட்டு ஏறி மிதித்தார், அசையவில்லை. புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. அதை அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

“பதினஞ்சாம் வருஷமா தம்பி?” என்றார் பாய்.

விற்பவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படியிலிருந்து அவர் மனைவிதான், “சொல்லிடுங்க” என்றார்.

2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் பட்டது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். இவர்கள் அப்போது குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்திருக்கிறார்கள். பரவனாற்றுத் தண்ணீர் இரவில் வீட்டுக்குள் வந்துவிட்டது. “அம்மாவத் தூக்கறதா வண்டியத் தூக்கறதா ஸார்? அம்மாவுக்கு அப்ப இடுப்பு முறிஞ்சி படுத்த படுக்கை. அவங்களைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்ட்டோம். நாலு நாள் கழிச்சி வந்தா வண்டி கண்ணாடி மட்டும் வெளிய தெரியுது.” பிறகு மாதம் கொஞ்சமாகக் கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் எஞ்சினைப் பிரித்துக் கட்டி ஓட்டியிருக்கிறார். “பொய் சொல்லணும்னு இல்ல ஸார். மொதல்ல உள்ளதச் சொன்னேன். மூணு பேர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க.”

அந்த வண்டியை அவர் எதற்கு வாங்கினார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன், 2012இல், ஃபைனான்ஸில் எடுத்தாராம். ரோட்டில் போகவே மாட்டாராம். ஏரிக்கரை, ஆற்றங்கரை, வரப்பு என்று போய்க் கடைசியில் எங்கேயாவது ரோட்டில் ஏறுவாராம். சொல்லும்போது அவர் வண்டியின் பக்கம் திரும்பவில்லை.

இனி நடந்ததைத்தான் நான் எழுத வந்தேன். பாய் என்னைத் தனியே அழைத்துக் கணக்குச் சொன்னார். வயரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், போல்ட், லேத் கூலி, சக்கர பேரிங்குகள்: தண்ணீரால் வந்த கூடுதல் செலவு இரண்டாயிரத்து ஐந்நூறு. எப்படியும் முழுசாகப் பிரிக்கப் போகிறோம், ஆகவே அதற்கு மேல் இல்லை என்றார். இருபத்தாறில் அதைக் கழித்தால் இருபத்து மூன்றரை. நான் திரும்பி வந்து இருபத்தோராயிரம் என்றேன். விற்பவர் என் முகத்தைப் பார்த்தார். பாயும் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பேரம் என் காரியம், அவர் காரியமல்ல. விற்பவர் மனைவியைப் பார்த்தார். சரி என்றார்.

அடுத்த அரைமணி நேரம் நான் கெட்டிக்காரனாக இருந்தேன், ஏனென்றால் விஷயம் காகிதத்துக்கு வந்துவிட்டது. ஆர்.ஸி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்து வருஷங்களாகிவிட்டன, ஆனால் நீக்கவில்லை. ஒப்புதல் கடிதமும் படிவம் 35ம் வாங்கி அந்தப் பதிவை நீக்காமல் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாற்ற 29, 30. பதினைந்து வருஷப் பதிவு 2027இல் முடிகிறது, அப்புறம் மறுபதிவு. சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்ஸிலால் தேய்த்து நகல் எடுத்தேன். எழுத்தெழுத்தாக ஆர்.ஸி.யோடு ஒத்துப்போயிற்று. முன்பணம் கொடுத்தேன், மீதி, ஃபைனான்ஸ் கடிதம் வந்த பிறகு. எல்லாம் முறைப்படி.

வண்டியை ஒரு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாய் கேட்டார்: “இருபத்து மூணரைதானே ஸார் வந்திச்சி?”

ஆமாம் என்றேன். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு தண்ணீருக்கு. மேலே கழித்த இரண்டாயிரத்து ஐந்நூறு எதற்கு? அவர் பொய் சொன்னதற்கு என்று அன்றிரவு சொல்லிக்கொண்டேன். ஆனால் நகை மதிப்பீட்டாளர் கல்லுக்குக் கழிப்பார், அரக்குக்குக் கழிப்பார். கல்லைத் தங்கம் என்று சொன்னவனுக்கு ஒரு கழிவு அவர் படிவத்தில் இல்லை. அதுவுமல்லாமல் நான் கழித்தது பொய்க்காகவும் அல்ல. கண்டுபிடித்துவிட்டேன் என்பதற்காக. கண்டுபிடித்தவர் பாய், அதையும் சொல்லவேண்டும்.

அந்த மதிப்புரையை எடுத்துப் படித்தேன். தொகுதியின் நடுவில் நான்கு கவிதைகள் பாதியில் உடைகின்றன, படிமம் ஒரு திசையில் போக வாக்கியம் இன்னொரு திசையில் போகிறது, கடைசி வரிகள் வேறு ஏதோ கவிதையிலிருந்து வந்தவை போல நிற்கின்றன என்று எழுதியிருந்தேன். கவிதைகளைத் திரும்பப் படித்தேன். நான் சொன்னது சரி. இன்றைக்கும் நூலைப் பிடித்துக் காட்ட முடியும், கை ஆடாமல். கவிஞர் எவ்வளவு பச்சை மசி செலவழித்தாலும் அவை உடைந்த கவிதைகள்தான். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறுவதாக இல்லை. விமர்சனம் தட்டிப் பார்க்காமல் தடவிக் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. தமிழில் தடவிக் கொடுப்பதற்கு ஆள் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை.

ஆனால் அந்தப் பத்தியின் கடைசியில் இன்னொரு சொல் இருந்தது. ‘அலட்சியமாக எழுதப்பட்டவை’ என்று முடித்திருந்தேன். உடைந்திருக்கிறது என்பது கவிதையில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். அலட்சியம் எங்கே இருக்கிறது? அந்த மனிதர் எந்த இரவில், எதைத் தூக்குவதா எதை விடுவதா என்று நின்றுகொண்டு அவற்றை எழுதினாரோ எனக்குத் தெரியாது. ஒருவேளை அலட்சியமாகவே எழுதியிருக்கலாம், அதுவும் தெரியாது. தெரியாததற்குத் தொகை போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். மதிப்புரை வெளிவந்த பத்திரிகையிலேயே இதைச் சொல்வதுதான் முறை என்பதால் இங்கே சொல்கிறேன். கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான். கவிஞருக்கு இது போதாது என்று தெரியும்.

ஆறு வாரம் கழித்து ஃபைனான்ஸ் கடிதம் வந்தது. கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விற்பவரைச் சந்தித்தேன். மீதிப் பணத்தைக் கொடுத்தேன். பேசியபடி இருபத்தோராயிரத்துக்கு என்ன மீதியோ அது. பையில் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு தனியாக ஒரு கவரில் இருந்தது. அவர் நோட்டுகளை எண்ணி, மடித்து, சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிரித்துப் போட்டிருக்கிறேன் என்றேன். “ரெண்டாவது கியர்ல கொஞ்சம் தட்டும் ஸார், அப்ப கிளட்ச்ச முழுசா விடாதீங்க” என்றார். வெளியே கடையில் அவருக்கு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். கவரை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது என்று வார்த்தை வரவில்லை. அதைவிட நிஜமான காரணம், பஸ் வந்துவிட்டது.

எஞ்சின் இப்போது எங்கள் வராந்தாவில் ஒரு பழைய போர்வை மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் வருகிறார். அவர் சொல்ல நான் செய்கிறேன். ஸ்விங் ஆர்ம் போல்ட்டை அறுத்து எடுக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. கிராங்க் பேரிங் நன்றாக இருக்கிறது. அந்தப் பெயர் தெரியாத மெக்கானிக், தவணைப் பணத்துக்கு, மிகச் சுத்தமாகக் கட்டியிருக்கிறான். சேஸிஸ் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுரண்டினால் இன்னும் வண்டல் வருகிறது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால்வாசி சேர்ந்திருக்கிறது. என் மனைவி அதைத் தூக்கி எறிந்துவிடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இடது பக்க மூடி உடைந்திருப்பதைப் பாயும் நானும் அன்றைக்குக் கவனிக்கவில்லை. புதுப்பேட்டையில் மூன்று கடையில் கேட்டாயிற்று, கிடைக்கவில்லை.